பட்டையைக் கண்டாலே

கல்குவாரியில் வேட்டு வைப்பவர், குழிகளில் வெடிமருந்தை அடைத்து, கூட்டாளியைக் காவலுக்கு நிறுத்திவிட்டு, மண் கையோடு குவாரியை ஒட்டிய தன் வீட்டுக்குள் நிற்கிறார். உச்சி வெயில் தகரக் கூரையைக் காய்ச்சுகிறது. முதுகு பிடித்தபோது தனக்கு வாங்கிய எலாஸ்டிக் பட்டையை ஆணியிலிருந்து எடுக்கிறார். நெஞ்சைச் சுற்றி இதமாக இறுக்கிக் கட்டினால் வெடிச் சத்தத்துக்கு நடுங்கும் அவர் நாய் செவலை அடங்கும் என்று மாட்டு டாக்டர் சொல்லியிருந்தார். முதல் இரண்டு தடவை அடங்கவும் செய்தது. வெடிக்கிற நாளில் மட்டுமே கட்டியதால், இப்போது எச்சரிக்கைச் சங்கு ஊதும் முன்பே, பட்டையைக் கண்டாலே செவலைக்கு உடம்பு உதறுகிறது; நகங்கள் சிமெண்டுத் தரையில் கடகடக்கின்றன. "நீங்களே வெடிப்பீங்களாம், நீங்களே கட்டும் போடுவீங்களாம். நல்ல கூத்து," என்கிறாள் மனைவி. நாயின் தலை அவள் மடியில்தான் இருக்கிறது. "சும்மா இருக்குற நாள்லயும் கட்டிப் பழக்கச் சொன்னாருல்ல டாக்டரு?" "வெடி இல்லாத நாள்ல யாருக்கு ஞாபகம் வருது?" என்றபடி அவர் குந்துகிறார். நடுக்கத்தோடே செவலை முன்னங்காலைத் தானே தூக்கிக் கொடுக்கிறது. இரண்டு விரல் இடம் விட்டு இறுக்குகிறார். அந்த விரல்களில் அதன் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. குவாரியில் சங்கு ஊதுகிறது. மருந்து வாடை அடிக்கும் அவர் உள்ளங்கைக்குள் செவலை மூக்கைப் புதைத்துக்கொள்கிறது. அவர் மெல்லக் கையை உருவுகிறார். வெடிப் பொத்தானை அழுத்த அந்தக் கைதான் வேண்டும்.