ஐந்தாம் அங்கம்

"அப்ப கடைசி மக செத்தே போயிருதாளா, டீச்சர்?"

"ஆமா சார். ராசா அவளைத் தூக்கிட்டு வந்து மேடையில கிடத்தி அழுவாரு. அப்புறம் அவரும் செத்துருவாரு."

சங்கிலிப்பாண்டி புத்தகத்தை மூடினார். சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்ற பிறகு அஞ்சல் வழியில் பி.ஏ. ஆங்கிலம் படிக்கிறார். பொடிசுகளோடு பெஞ்சில் உட்கார வெட்கமாக இருக்கிறது என்று சொல்லி, செவ்வாய்க்கிழமை மாலைகளில் தனி வகுப்பு கேட்டு வாங்கியிருந்தார். குற்றாலத்திலிருந்து பஸ் ஏறி, தென்காசியில் இறங்கி, இந்த மாடி டியூஷன் சென்டருக்கு வருவார். எதிரே ஆசிரியை சண்முகப்பிரியா. மிச்சமிருந்த ஒரே பாடம் இந்த ஆங்கில நாடகம். அதுவும் இன்றோடு முடிகிறது.

"என்ன அநியாயம் இது? தப்பு ராசா மேல. அவ எதுக்குச் சாகணும்?"

"அதனாலதான் சார் அது டிராஜடி."

"எஃப்.ஐ.ஆர்ல இப்படி எழுதிக் கொண்டுபோனா ஜட்ஜ் மூஞ்சியிலயே விட்டெறிவாரு."

சண்முகப்பிரியா சிரிக்கவில்லை. "பின்னணி கேப்பாங்க, எழுதிக்கோங்க. இது நாடகத்துக்கு முன்னாலயே இருந்த கதை. ராசா மூணு மகள்ட்டயும், என் மேல எவ்வளவு பாசம்னு கேட்டு நாட்டைப் பிரிக்கான். மூத்தவங்க ரெண்டு பேரும் அளந்து விடுதாங்க. சின்னவளுக்கு அளக்க வரல. வெளிய போன்னுட்டான். பழைய கதையில அவ திரும்பி வந்து அப்பாவைக் காப்பாத்திருவா. நாடகமா எழுதினவருதான் ரெண்டு பேரையும் கொன்னாரு. ஜனங்களுக்குப் பொறுக்கல. பின்னால ஒருத்தர் முடிவை மாத்தி எழுதினாரு. நூத்தம்பது வருசம் போல அந்த நல்ல முடிவைத்தான் ஆடினாங்க."

"அப்ப நான் எந்த முடிவை எழுத?"

"செத்ததைத்தான். அதுக்குத்தான் மார்க்கு."

பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினாள். ஒரு மடக்குக் குடித்ததும் அவர் முகம் சுளித்தது. வாராவாரம் சுளிப்பதுதான். மிச்சத்தையும் குடித்தார்.

கீழே பைக் ஹாரன் கேட்டது. அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரரா?"

"ஆமா."

"சாரல்ல நனையுதாரே. மேல வரச் சொல்லுங்க."

"வரமாட்டாரு. பயப்படுவாரு."

"என்னத்துக்கு?"

"நீங்க போலீஸ்லா சார்."

"ரிட்டயர்டு போலீசு கடிக்கவா செய்யும்?" கொஞ்ச நேரம் கீழேயே பார்த்துக்கொண்டு நின்றார். "ஆளு எப்படி?"

"நல்லவரு."

"ம்." திரும்பி வந்து உட்கார்ந்தார். கொண்டுவந்திருந்த மங்குஸ்தான் பையை மேசை மேல் தள்ளினார். "பிள்ளைக்குக் குடுங்க. குற்றாலத்துல இப்பதான் வரத்து."

அவள் பையை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கும் ஒரு மக உண்டு டீச்சர்."

"சொல்லிருக்கீங்க."

"வேத்து சாதிப் பயலக் கட்டுவேன்னு நின்னா. அந்த ராசா சொன்னதத்தான் நானும் சொன்னேன். இங்கன பக்கத்துலதான் இருக்கா. போய்ப் பேச வாய் வரல."

சண்முகப்பிரியா பேனாவின் மூடியைத் திருகித் திறந்தாள். மறுபடி மூடினாள். "இன்னொரு குறிப்பு உண்டு சார். அந்தக் காலத்து இங்கிலீஷ்ல நீ வேற, நீங்க வேற. பாசம் வந்தாலும் நீ, கோவம் வந்தாலும் நீ. யாரு யாரை எப்படிக் கூப்பிடுதாங்கன்னு கவனிச்சாலே பாதி நாடகம் புரிஞ்சிரும்."

"நமக்கு அம்புட்டெல்லாம் வேண்டாம். பொட்டப்பிள்ளையக் கூப்பிட ஏட்டின்னு ஒண்ணு போதும். கொஞ்சுறதுக்கும் அதான், ஏசுறதுக்கும் அதான்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கடைசியா அவளை நான் ஏட்டின்னு கூப்பிட்டது, 'ஏட்டி, வெளிய போ'ன்னு."

ஹாரன் மறுபடி ஒலித்தது. இருவரும் அசையவில்லை.

"அந்த ராசா மக முன்னால முட்டி போட்டு மன்னிப்புக் கேட்டான்லா. எனக்கு அது ஆகாது டீச்சர். முட்டு வலி."

"முட்டியெல்லாம் போட வேண்டாம். ஒரு வார்த்தை பேசினாப் போதும்."

"அவ பேசலாம்லா?"

"அவங்களுக்கும் வரல போல. உங்க மகதானே."

அவருக்குச் சுருக்கென்றது. எழுந்து குடையை எடுத்தார். "சரி. பாடம் முடிஞ்சிட்டு. இனி வர வேண்டியதில்ல, என்ன?"

"பாடம் முடிஞ்சிட்டு சார்."

அவர் வாசலுக்குப் போனார். செருப்பை மாட்டுவதற்கு வேண்டியதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

"ரிவிஷன் இருக்கு," என்றாள் அவள், புத்தகங்களை அடுக்கிக்கொண்டே.

"எத்தன வாரம்?"

"உங்க மண்டையில ஏறுறதைப் பொறுத்து."

"நான் மக்குலா."

"அப்ப நாளாகும்."

அவர் படியிறங்கினார். காலடி ஓசை பாதிப் படியில் நின்றது. சண்முகப்பிரியா கையிலிருந்த புத்தகத்தைக் கீழே வைக்காமல் நின்றாள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துச் சொல்வதுபோல், ஸ்டேஷனில் அதட்டும் குரலில் சொன்னார்:

"ஏட்டி, அடுத்த வாரமாவது டீயில ஒரு கரண்டி சீனி போடு. வீட்டுலதான் உங்கம்மா சுகரு சுகருன்னு உசுர வாங்குதா, நீயுமா?"