வெளி உதவி

முந்நூற்றுப் பத்து பவுண்டு எடை ஏற்றியாகிவிட்டது.

அத்தனையையும் தாங்கி நின்றது, லேசான பால்சா மரக்குச்சிகளை வைத்து நாங்கள் ஐந்து பெண்கள் ஒட்டிய ஒரு கூடு. ஒரு சாண் உயரம். எடை பதினைந்து கிராம்.

இன்னும் நாற்பது தாங்கினால் நெப்ராஸ்கா மாநிலத்தில் முதல் இரண்டு அணிகளுக்குள் வந்துவிடுவோம். அந்த இரண்டுக்கு மட்டும்தான் இறுதிப் போட்டி.

எங்களில் டார்சி அடுத்த இரும்பு எடைத் தட்டை இரண்டு கைகளாலும் ஏந்தியபடி கூட்டின் மேல் குனிந்தாள்.

“டார்சி! தள்ளிப் போ, கைய எடு!”

உடற்பயிற்சிக் கூடம் முழுக்கக் கேட்டது. கத்தியது என் அப்பா.

டார்சி துள்ளி விலகினாள். எல்லோரும் கூட்டையே பார்த்தோம்.

ஒன்றும் ஆகவில்லை. அது அப்படியே நின்றது.

நடுவர் கையை உயர்த்தினார். அணியில் இல்லாத யாரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அது வெளி உதவி. புள்ளி போய்விடும்.

இது அப்பாவுக்குத் தெரியாததா? எங்கள் பயிற்சியாளரே அவர்தான். நான்கு மாதமாக எங்கள் வீட்டு ஷெட்டில்தான் வேலை நடந்தது. நாங்கள் பசையைத் தப்பாகத் தடவும்போதெல்லாம், சொல்லிவிட்டால் அதுவும் வெளி உதவி ஆகிவிடுமே என்று எழுந்து வெளியே போய்ப் பனியில் நிற்பார்.

தட்டுகள் விழுந்தால் தடுக்க நான்கு மூலையிலும் இரும்புக் கட்டைகள் உண்டு. ஒரு விரல்கூட நசுங்காது. அதுவும் அவருக்குத் தெரியும்.

நாங்கள் தொடர்ந்தோம். கூடு இன்னும் நாற்பத்தைந்து பவுண்டு தாங்கிவிட்டு, அதன் பிறகுதான் நொறுங்கியது.

புள்ளியைக் கழித்தார்கள். மூன்றாம் இடம்.

“உங்கப்பா வாய்ல ஒரு பிளாஸ்திரி ஒட்டிக் கூட்டிட்டு வந்திருக்கலாம்ல, ட்ரூடி?” என்றாள் அணியில் இன்னொருத்தியான மேலரி. பிறகு அவளே அழ ஆரம்பித்தாள்.

நான் அப்பா இருந்த பக்கமே திரும்பவில்லை. சாயங்காலம் அவரோடு ஒரே வண்டியில் போகவேண்டுமே என்று இருந்தது.

டார்சி மட்டும் எங்களோடு நிற்கவில்லை. பார்வையாளர்கள் உட்காரும் படி வரிசைகளில் ஏறி நேராக அவரிடம் போனாள்.

அந்த நான்கு மாதத்தில் டார்சி என் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் கேட்டதற்குத் தலையாட்டுவாள், அவ்வளவுதான். கூச்சம் என்று நினைத்திருந்தேன்.

ஏதாவது கேட்டுவிடப் போகிறாள் என்று பின்னாலேயே ஓடினேன்.

அப்பா தொப்பியைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு குனிந்திருந்தார்.

“இந்தத் தடவ சொல்லிட்டீங்க, மிஸ்டர் சிமெக்” என்றாள் டார்சி.

அவர் நிமிரவில்லை. நகர்ந்து இடம் விட்டார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பதக்கம் கொடுத்து முடியும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள்.

திரும்பி வரும் வழியில், அறுவடை முடிந்த சோளக்காட்டு ஓரமாக அப்பா வண்டியை நிறுத்தினார். கண்ணாடி வழியே வெளியே பார்த்தபடி சொன்னார்.

போன அக்டோபர் மாதம். அவர் வேலை பார்க்கும் தானியக் கிடங்கில் உச்சிக்குப் போகும் இரும்பு ஏணி. அதில் ஒரு படி ஆடுவதைக் காலையிலேயே பார்த்திருக்கிறார். சாப்பாட்டு நேரத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

அடக்கம் முடிந்த அன்றே அந்த வீட்டுக்குப் போய், தாயும் மகளும் இருக்கும்போது, தான் பார்த்ததையும் சொல்லாமல் இருந்ததையும் ஒப்புக்கொண்டாராம்.

சாப்பாட்டு மணி அடிக்கும் முன்பே அந்த ஏணியில் ஏறியவர் டார்சியின் அப்பா.