புது சர்வரின் மகிமை

"நம்ம குடோன் சாப்ட்வேரோட ஜாவா நிரலை முன்கூட்டியே மெஷினோட மொழிக்கு மாத்திட்டா, பழைய சர்வர்லயே சட்டுனு திறக்கும் சார். முடிச்சு, அதுலயே போட்டும் வெச்சிருக்கேன்" என்றாள் செலின்.

அம்பத்தூர் அலுவலகத்தின் மேலாளர் உலகநாதன் சிரித்தார். "இதெல்லாம் விளையாட்டும்மா. நான் பெரிய சர்வரே ஆர்டர் போட்டாச்சு. ராத்திரியே மாட்டிடுவாங்க."

மறுநாள் வாடிக்கையாளர் கோபி வந்தார். "செம்பரம்பாக்கம் குடோன்ல ஆளுங்க கைய கட்டிகினு நிக்கிறாங்க சார். உங்க சாப்ட்வேர் இன்னிக்கும் தொறக்காம ஒரு நிமிஷம் தூங்குச்சுன்னா ஒப்பந்தம் கேன்சல்!"

உலகநாதன் கணினியில் பட்டனைத் தட்டிவிட்டு, வழக்கம்போல, "திறக்கறதுக்குள்ள ஒரு டீ..." என்று ஆரம்பித்தார்.

"இன்னா சார் டீ? அதான் தொறந்துகிச்சே!" கோபி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

உலகநாதன் டையைச் சரிசெய்துகொண்டார். "புது சர்வரோட பவர் அப்படி. தேர்ந்தெடுத்தது யாரு?"

கோபி அங்கேயே மூன்று வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்.

அதுவரை காத்திருந்த செலின், காதிலிருந்து கைபேசியை எடுத்தாள்.

"சார், லாரி டிரைவர் லைன்ல இருக்காரு. நேத்துலேர்ந்து வண்டி பிரேக்டவுனாம், உங்க சர்வரோட நசரத்பேட்டையிலயே நிக்கிறாராம். வரச் சொல்லட்டுமா, இல்ல அப்படியே திருப்பி அனுப்பிடட்டுமா?"