வேலியோரத்துச் சுக்கினி

"தம்பி, சுக்கினி கொஞ்சம் எடுத்துக்கறீங்களா?"

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கிழவர் நீட்டிய பையைக் கார்ல்டன் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. ஆகஸ்ட் மாதத்தில், அமெரிக்காவின் டொலீடோ நகரில் காரைப் பூட்டாமல் போனால், திரும்பி வரும்போது பின் சீட்டில் ஒரு மூட்டை சுக்கினி கால் நீட்டிப் படுத்திருக்கும். தோட்டம் போட்டவர்கள் பாவம், என்ன செய்வார்கள்? வெள்ளரிக்கு அண்ணன் மாதிரி இருக்கும் அந்தக் காய், ராத்திரி படுத்து எழுந்தால் தொடை தடிமன் ஆகிவிடும். தின்று மாளாது. யார் தலையிலாவது கட்டித்தான் ஆக வேண்டும்.

"அப்புறமா வாங்கிக்கறேன் சார். முக்கியமான வேலையா வந்திருக்கேன்."

"அதில்ல தம்பி, விஷயம் என்னன்னா..." என்று கிழவர் இழுப்பதற்குள் கார்ல்டன் நாலு எட்டு தள்ளிப் போய்விட்டான்.

உண்மையிலேயே முக்கியமான வேலைதான். கார்ல்டன் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவன். விற்றுத் தொலைத்தால் போதும் என்று தவிக்கிற வீட்டுக்காரர் ஒருவரைப் பிடித்து, மலிவாக வாங்கி, பழுது பார்த்து லாபத்துக்கு விற்பது அவன் திட்டம். கோடை விடுமுறை முழுக்க அலைந்தான். டொலீடோவில் அவன் தட்டாத கதவு கிடையாது. அவனைத் துரத்தாத நாயும் கிடையாது. வீடுதான் ஒன்றும் படியவில்லை.

வரும் திங்கட்கிழமை தொழிலாளர் தினம்; அமெரிக்காவில் அது செப்டம்பரில் வரும், அதோடு கோடை விடுமுறையும் முடியும். அதற்குள் ஒரு வீடாவது முடியாவிட்டால், மச்சான் டக்கின் கார்பெட் கடைக்கு வேலைக்கு வருவதாக மனைவி ஜோனெல்லிடம் வாக்குக் கொடுத்திருந்தான். டக் இப்போதே ஒரு நீலச் சட்டையில் 'கார்ல்டன்' என்று பெயர் பொறித்து, கடை வாசலில், போகிற வருகிறவர்கள் பார்க்கிற மாதிரி மாட்டி வைத்திருந்தான்.

கிழவரின் வேலிக்கு அடுத்திருந்த இந்த வீட்டைப் பார்த்ததும் கார்ல்டனுக்கு உயிர் வந்தது. வீடு வாங்கி விற்கக் கற்றுக்கொள்ள அவன் பணம் கட்டிப் போன வார இறுதி வகுப்பில், கைவிட்ட வீட்டுக்குச் சொன்ன அடையாளம் அத்தனையும் இருந்தது. புல்லில் ஒரு யானை படுத்திருந்தால்கூட வெளியே தெரியாது. தபால் பெட்டி தொண்டை அடைத்துத் திணறியது. வழியெல்லாம் கிடந்த விளம்பரத் தாள்களைப் பொறுக்கிக்கொண்டு, இடுப்பில் பேருந்துச் சாவிக் கொத்து குலுங்க, வாசலுக்குப் போனான்.

படியில் ஒரு பெண் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். பெயர் யோலண்டா என்றாள். இவ்வளவு உரிமையாக உட்கார்ந்து கால் பிடித்துக்கொள்கிறவள் வீட்டுக்காரியாக இல்லாமல் வேறு யாராக இருக்க முடியும்?

வகுப்பில் சொன்ன முதல் பாடம், வீட்டை மட்டம் தட்டு. கார்ல்டன் மெதுவாகத் தொடங்கினான்.

"கூரை கொஞ்சம் தொங்குது போலிருக்கே மேடம்."

"கொஞ்சமா? நல்லாப் பாருங்க சார். மழை பெஞ்சா வெளியில நிக்கறவங்கதான் கம்மியா நனைவாங்க."

கார்ல்டன் அசந்து போனான். இப்படி ஒரு நேர்மையான பெண்மணியா? அவன் புகைபோக்கியைக் குறை சொன்னான். அவள் அஸ்திவாரத்தையே குறை சொன்னாள். அவன் ஜன்னலைத் திட்டினான். அவள் சாக்கடைக் குழாயைத் திட்டினாள். உள்ளே எலி இருக்கும் என்று அவன் சொன்னதற்கு, மானமுள்ள எலி எப்போதோ காலி பண்ணியிருக்கும் என்றாள். இருவரும் சேர்ந்து ஏசிய ஏச்சில் வீடு வெட்கப்பட்டு ஓர் அங்குலம் பின்னால் சாய்ந்தது.

"குறுக்க பேசறேன்னு நினைக்காதீங்க," என்று வேலியோரத்திலிருந்து கிழவர் மறுபடி குரல் கொடுத்தார். "பிஞ்சுக் காயாத்தான் பறிச்சு வச்சிருக்கேன்..."

"காலையிலயே வேண்டாம்னு சொல்லிட்டேனே சார்," என்றாள் யோலண்டா.

இரண்டாவது பாடம், விலையை முதலில் வாய்விட்டுச் சொன்னவன் தோற்றான். கார்ல்டன் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான். அவளும் மூடிக்கொண்டாள். அவன் வானத்தைப் பார்த்தான். அவள் புல்லைப் பார்த்தாள். அந்த மௌனத்தில் புல் இன்னும் ஒரு சாண் வளர்ந்தது. டக் மாட்டி வைத்த நீலச் சட்டை கண்ணுக்குள் ஆடவே, கார்ல்டனுக்குத்தான் பொறுக்கவில்லை.

"சரி மேடம். விலை கிடக்கட்டும். சாவியை எப்ப குடுப்பீங்க?"

யோலண்டா அவன் இடுப்பைப் பார்த்தாள்.

"சாவியை இடுப்புல தொங்க விட்டுக்கிட்டு என்கிட்ட கேக்கறீங்களே சார். நீங்கதானே வீட்டுக்காரர்?"

இருவரும் ஒரே வகுப்பு, ஒரே வாத்தியார் என்பது தெரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவள் இரண்டு வாரம் சீனியர், அவ்வளவுதான். கார்ல்டன் பொத்தென்று படியில் உட்கார்ந்தான். நீலச் சட்டை தானாகவே நடந்து வந்து அவன் தோளில் ஏறிக்கொண்டது போலிருந்தது. இனி உண்மையான வீட்டுக்காரரை எந்த ஊரில் போய்த் தேடுவது?

கிழவர் வேலிக் கதவைத் திறந்துகொண்டு, பையோடு மெல்ல நடந்து வந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் ஜோடியா வீடு பாக்க வந்திருக்கீங்கன்னுல்ல நினைச்சேன். இது எங்க அக்கா எனக்கு எழுதி வச்சிட்டுப் போன வீடு. வாங்கறதுக்கு ஒரு ஆள் கிடைக்காதான்னு வசந்த காலத்துலேர்ந்து வேலியோரமே நிக்கிறேன். வெறுங்கையோட பேச்சை ஆரம்பிக்கிறது மரியாதை இல்லையேன்னு சுக்கினியை நீட்டினா, அதுக்கு மேல பேச விடாம எல்லாரும் ஓடிப் போயிடறாங்க."

"விலை... எவ்வளவு சார் எதிர்பாக்கறீங்க?" கார்ல்டன் படியிலிருந்து எழுந்து நின்றான்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்க தம்பி. நீங்க ரெண்டு பேரும் திட்டினதைக் கேட்டப்புறம் என் வாயால ஒரு விலை சொல்ல வெக்கமா இருக்கு."

"பாதிப் பாதி?" என்று யோலண்டா முணுமுணுக்க, கார்ல்டன் தலையாட்ட, இருவரும் ஒரே நேரத்தில் அந்தச் சுக்கினிப் பைக்குக் கையை நீட்டினார்கள்.