அப்பா பேசிய கேசட்

"எல்லாரும் சௌக்கியமா? நான்தான் உங்க அப்பா பேசறேன்..."

குரல் டேப் ரெக்கார்டரிலிருந்து வந்தது. பேசியவரோ எதிர் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் மேனேஜர் தோரணை இன்னும் ஓய்வு பெறவில்லை. மகனும் மகளும் கட்டிலில்.

"எதிர்லயேதான இருக்கீங்க, நேர்ல சொல்லிடலாமேப்பா?" என்றான் மகன்.

"நேர்ல சொல்லி நீ என்னைக்குடா காது குடுத்துக் கேட்ட? நான் போனப்புறம் பேரப்பிள்ளைங்க கேக்கணும். உங்கம்மா மாதிரி ஒண்ணுமே விட்டுட்டுப் போகாம நான் போயிட மாட்டேன்."

"போன்ல பேசி வச்சிருக்கலாமே?"

"போனை ரெண்டு வருஷத்துல தூக்கிப் போடுவீங்க. இது பாரு, அலமாரில சும்மா கெடந்த கேசட். பைசா செலவில்ல!"

மகள் சட்டென்று குனிந்து, டேப் ரெக்கார்டரின் கண்ணாடி மூடி வழியே கேசட்டை உற்றுப் பார்த்தாள். நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். அவனும் குனிந்து பார்த்தான்.

நேரம் தவறாமை, சிக்கனம், காலையில் எழுவது என்று கேசட் பேசிக்கொண்டே போனது. மகள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

மேனேஜருக்குப் பெருமை பிடிபடவில்லை. "அசடு, நான் இன்னும் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். எதுக்கு இப்பவே அழற?"

"இந்தக் கேசட் எனக்கு வேணும்ப்பா."

"அதெப்படி? பெரியவன் நான் இருக்கேன்," என்றான் மகன்.

"எல்லாத்தையும் நீயே வச்சுக்கோ. இத மட்டும் தர மாட்டேன்!"

"அட, அடிச்சுக்காதீங்க. ஆளுக்கொண்ணு பேசித் தரேன்!"

சொத்தைப் பிரித்தபோதுகூட முகம் சுளிக்காத பிள்ளைகள், தன் பேச்சுக்காக இப்படி மல்லுக்கு நிற்கிறார்களே! மேனேஜருக்கே கண் கலங்கியது.

"...கேட்டுட்டு உங்க அபிப்பிராயத்தையும் தவறாம சொல்லுங்க. வணக்கம்." பேச்சு முடிந்தது.

நிறுத்துவதற்காகக் கையை நீட்டினார். மகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்கப்பா. கடைசியில கொஞ்சமாச்சும் மிஞ்சியிருக்கும்."

கர்ரென்று ஓர் இரைச்சல். பிறகு ஒரு பெண் பாடினாள். அவர் வாழ்நாளில் கேட்டே இராத பாட்டு. இரண்டே வரி.

"இன்னொண்ணு பாடும்மா!" என்றது ஒரு சின்னப் பெண்ணின் குரல்.

"போதும்டி கண்ணு, அப்பா எழுந்துடுவாரு," என்றாள் அவருடைய மனைவி. டக்கென்று கேசட் முடிந்தது.