அமுங்கிய பெயர்

ராயபுரத்தில் ஸ்பீக்கர் கடை வைத்திருந்த சகாயத்திடம் பெலிசிட்டா தன் போனைக் கொடுத்து, ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். கடலுக்குப் போய்ப் பிணமாகத் திரும்பிய கணவன் கடைசியாகப் பேசி அனுப்பியது: "நா உசுரோட வரலன்னா... புடிச்சுக் கேளு." நடுவில் ஒரு பெயர் அலையிரைச்சலில் அமுங்கியிருந்தது.

"வெலை ஒசந்த ஒயர் போட்டா பேரு தெளிவா கேக்குமாமேண்ணே?"

"ஒயர்ல இன்னாம்மா கீது? எதப் போட்டாலும் இதே சத்தந்தான். காச கரியாக்காத."

"வேற கடைன்னா தலைல கட்டிருப்பாங்க. நீ நல்லவன்ண்ணே," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள்.

சகாயம் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி வைத்தான். அவன் சொன்னது பொய்யில்லை; எந்த ஒயரும் அதைத் தெளிவாக்காது. ஆனால் அவன் காதில் மட்டும் சாதா ஒயரிலேயே தெளிவாக விழுந்திருந்தது: "சகாயத்தப் புடிச்சுக் கேளு."