சேற்றில் நின்ற குதிரைப்படை

சிவராசா தன் புள்ளிகளை எல்லாம் கவசக் குதிரைகளிலேயே கொட்டியிருந்ததைப் பார்த்ததும் சுலோஜனாவுக்குச் சிரிப்பு வந்தது.

மேசையில் பொம்மை வீரர்களை வைத்து ஆடும் போர் ஆட்டம் அது. படை திரட்ட இரண்டு பேருக்கும் ஒரே அளவு புள்ளிதான். ஈட்டிக்காரர், வில்லாளர், ஓடுகிற சின்னக் குதிரைகள், யாரை வேண்டுமானாலும் எடுக்கலாம். இரும்புக் கவசம் பூட்டிய பெருங்குதிரைகள்தான் ஆகக் கூடிய புள்ளியை விழுங்கும். சமையலுக்குச் சாமான் வாங்கப் போனவர் கேக் மட்டும் வாங்கி வந்ததுபோல, மனிதர் ஒரு வில்லாளரைக்கூட எடுக்காமல் வந்து உட்கார்ந்திருந்தார்.

"அம்பு விடுறவங்களாலை ஒரு பிரயோசனமும் இல்லை, டீச்சர். குதிரை பாயேக்கை ஓடிப்போயிடுவாங்கள்" என்றார்.

அதையும் பாடம் எடுப்பதுபோலத்தான் சொன்னார்.

பதுளையில் ரிஸ்காவின் புத்தகக் கடைக்கு மேல்மாடி அது. ஞாயிறு பின்னேரங்களில் ரிஸ்கா அங்கே பெரிய மேசையைப் போட்டு, பச்சைத் துணி விரித்து, மரக்குன்றுகளையும் விரலளவு வீரர்களையும் அடுக்கி வைப்பாள். ஐரோப்பாவின் பழைய அரசர்கள் அடித்துக்கொண்ட போர்கள். இதற்காகவே சுலோஜனா மடுல்சீமையிலிருந்து பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கி வருவாள். அங்கே ஒரு தோட்டப் பாடசாலையில் அவள் விஞ்ஞான ஆசிரியை.

சிவராசா தன் தளபதியைப் படைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். கலியாண வீட்டில் முன்வரிசைக் கதிரையை யாருக்கும் விடாத மாமாவைப் போல அது நின்றது.

நில், நன்றாக நில், என்று சுலோஜனா நினைத்துக்கொண்டாள்.

மேசையின் நடுவில் ஒரு பழுப்புத் துணி கிடந்தது. அது சதுப்பு நிலம். அதில் இறங்கும் குதிரையால் பாய முடியாது, ஊர்ந்துதான் போகலாம். ஆட்டம் தொடங்கும்போதே ரிஸ்கா அதைச் சொல்லியிருந்தாள். அப்போது சிவராசா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சுலோஜனா தன் ஈட்டிக்காரரைச் சதுப்புக்கு அந்தப்பக்கம் நிறுத்தினாள். பிறகு பயந்தவள்போல அவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் இழுத்தாள்.

குதிரைகள் துரத்திக்கொண்டு வந்தன.

"உங்கட நடுப்பக்கம் உடையுது, டீச்சர். நடுவிலைதான் பலத்தை வைக்கோணும். பொம்பிளையள் விளையாடினால் இதுதான், எப்பவும் பின்னுக்குத்தான் போவியள்."

அவள் முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டாள். இந்த மூளைக்குக் கல்வி அலுவலகத்தில் ஒரு மேசையும் சுழல்கதிரையும் கொடுத்து, வாசலில் பெயர்ப்பலகையும் போட்டிருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசிக் குதிரையும் சேற்றில் இறங்கியது. தளபதியும் இறங்கினார்.

அவள் வில்லாளர் பக்கத்துக் குன்றில் நின்றார்கள். அவளுடைய சின்னக் குதிரைகள் அவர் கவனிக்காமலே அவருடைய முதுகுப்புறம் போய்விட்டிருந்தன. ஒரு பகடை உருட்டினால் போதும், எல்லாம் முடிந்துவிடும். ரிஸ்காவுக்கு விளங்கிவிட்டது. சிரிப்பை அடக்க யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சுலோஜனா பகடையைக் கையில் எடுத்தாள்.

சாவகச்சேரியில் தகப்பனோடு இருக்கும் அவள் மகள் போன கிழமை தொலைபேசிக்கு வரவில்லை. "அம்மா வந்தால் கதைக்கிறன், போனிலை வேண்டாம்" என்று தள்ளி நின்று சொன்னது மட்டும் கேட்டது. ஊருக்கு மாற்றல் கேட்டு சுலோஜனா எத்தனையோ மாதமாக நடையாய் நடக்கிறாள். ஊவா மாகாணத்திலிருந்து அவளை விடுவதா, வைத்துக்கொள்வதா என்று சொல்ல வேண்டிய அதிகாரி எதிரே உட்கார்ந்து, பொத்தான் கழன்ற சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"போடுங்கோ டீச்சர், ஏன் யோசிக்கிறியள்?"

அவள் பகடையை உருட்டாமலே மேசையில் வைத்தாள். தன் தளபதியை ஒரு விரலால் சரித்துப் படுக்க வைத்தாள்.

"இனி ஏலாது சேர். நீங்கள் வெண்டிட்டியள். இப்பிடி ஒரு பாய்ச்சலை நான் பார்க்கேல்லை."

ரிஸ்கா சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

சுலோஜனா சிரித்த முகத்தோடு காத்திருந்தாள். விழுங்கிவிடுவார். இந்த மாதிரி ஆளுக்குப் புகழ்ச்சியைக் கலந்து கொடுத்தால் சேற்றையும் பாயசம் என்று குடிப்பார்.

சிவராசா சிரிக்கவில்லை.

மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். குன்றைப் பார்த்தார். தன் குதிரைகளுக்குப் பின்னால் நின்ற சின்னக் குதிரைகளைப் பார்த்தார். வில்லாளரிடமிருந்து சதுப்புவரை விரலால் மெதுவாக ஒரு கோடு இழுத்தார்.

"நான் மாட்டுப்பட்டுப்போனன். இப்பதான் தெரியுது" என்றார். "உங்களுக்கு முதலே தெரியும். பிறகு ஏன் விட்டுக்குடுத்தனீங்கள்?"

அவள் படுத்துக் கிடந்த தளபதியை நிமிர்த்தப் போய், கையை இழுத்துக்கொண்டாள்.

பதில் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. அவள் முகத்தில் அதை அவர் வாசித்துவிட்டார்.

"உங்களை ஊருக்கு விடலாம் எண்டு வெள்ளிக்கிழமையே சொல்லிப்போட்டன். அந்த அலுவல் முடியுமட்டும் உங்களோடை விளையாடக் கூடாது எண்டு இருந்தனான். அதுதான் இண்டைக்கு ஆசையா வந்தனான்."

எத்தனையோ இரவுகள் நினைத்து நினைத்துப் பார்த்த செய்தி. மகளிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டிய செய்தி. அது காதில் விழுந்தபோது சுலோஜனாவுக்கு முகம் எரிந்தது.

"சேர், நான்..."

அவர் அவளைப் பார்க்கவில்லை. குதிரைகளை ஒவ்வொன்றாகச் சதுப்பிலிருந்து எடுத்து, பழையபடி மேசையின் ஓரத்தில் வரிசையாக நிறுத்தினார்.

"பிள்ளை ரிஸ்கா, வெளிச்சம் இன்னும் கிடக்கு" என்றார். "விளையாட வேறை ஆரும் வருவினமோ?"